சுவரைப் பார்த்த குழந்தை

பிள்ளை தங்காத காரணத்தைக் கண்டுபிடிக்க, கர்ப்பப்பைக்குள் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் மேஜையில் பொற்கொடி படுத்ததும், கால்மாட்டுச் சுவரிலிருந்த படத்தில் ஒரு குழந்தை பொக்கைவாய் திறந்து சிரித்தது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இப்படி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். போன தடவை அவள் வலியில் பல்லைக் கடித்தபோதும் அது சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

“சிஸ்டர், அதைக் கொஞ்சம் திருப்பி மாட்டுறீங்களா?”

நர்ஸ் பழகிய கையால் படத்தை எடுத்துத் திருப்பி மாட்டினாள்.

எல்லாம் முடிந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, அந்தப் படம் தப்புச் செய்த பிள்ளையைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்ததுபோல் இருந்தது. பொற்கொடிக்கு மனசு கேட்கவில்லை. மெல்ல நடந்துபோய், மறுபடி திருப்பி மாட்டப் படத்தில் கை வைத்தாள்.

அடுத்ததாக அதே சோதனைக்கு உள்ளே வந்த பெண் வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, அது அப்படியே இருக்கட்டுமே.”