பிள்ளைகளுக்கு ஏற்ற விமானம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர், விமான டிக்கெட் அலுவலகத்தையே ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டதும் நடுங்குகிறவர்களை, "பயத்தக் கீழ இறக்கி வெச்சிட்டு வண்டியில ஏறுங்க!" என்று அதட்டுகிற அதே குரல்.

"நடுவுல ஒரு ஊர்ல மாறிப் போனா விலை குறையும் சார்," என்றாள் டிக்கெட் போடும் பெண்.

"ரெண்டு தடவ ஏறி இறங்கணுமே! பிள்ளைங்க தாங்காதும்மா. நேராப் போறதா பாருங்க."

"இதுல பிள்ளைங்களுக்கு கார்ட்டூன், விளையாட்டுச் சாமான் எல்லாம் உண்டு."

"அத விடுங்க. பெரிய விமானம்தானே? குலுங்காதே? இறக்கைப் பக்கமா சீட் போடுங்க, அங்கதான் ஆட்டம் கம்மியாம். ஜன்னல் மட்டும் வேணாம். கீழ பார்த்தா பிள்ளைங்க அரண்டுடும்."

"பிள்ளைங்களுக்கு இதான் முதல் தடவையா சார்?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். தோளில் தூங்கும் மகனைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி முந்திக்கொண்டாள்.

"இதுங்க ரெண்டும் என்கூட மூணு தடவ போயிட்டு வந்தாச்சு. ஏறினதும் தூங்கிடும். முதல் தடவ ஏறப் போறவர் இவர்தான்."

மாஸ்டர் சுவரிலிருந்த உலகப் படத்தில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

மகள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பயத்தக் கீழ இறக்கி வெச்சிட்டு ஏறுங்கப்பா. வேணும்னா என் கரடிப் பொம்மைய மடியில வெச்சுக்கோங்க."

பொம்மையை வாங்கிக்கொண்ட மாஸ்டர், டிக்கெட் போடும் பெண்ணிடம் மெல்லச் சொன்னார்:

"கரடிக்கும் ஜன்னல் ஆகாதும்மா."