சுண்டுவிரலுக்கு இடமில்லாத கைப்பிடி

ஃபின்லாந்துக் கத்தியைக் கையாலேயே செய்யப் பழகும் வகுப்பில் நானும் என் காதலி மதுவந்தியும் நண்பன் ஜெரோமும் சேர்ந்தோம். பிர்ச் மரத்தைச் சீவி, அவரவர் உள்ளங்கைக்குப் பொருந்துகிற மாதிரி கைப்பிடி செய்ய வேண்டும். என்னுடையது முருங்கைக்காய் மாதிரி வந்தது. ஜெரோமுடையது அத்தனை அழகு. எனக்கு வயிறு எரிந்தது. நல்லவேளை, அவன் பிடித்துப் பார்த்தபோது சுண்டுவிரல் இடமில்லாமல் வெளியே தொங்கியது.

“யாருக்குடா செஞ்ச, எல்கேஜி பாப்பாவுக்கா?” என்றேன் மகிழ்ச்சியாக.

“இங்க குடு” என்று மதுவந்தி அதை வாங்கிப் பிடித்தாள். இடைவெளியே இல்லாமல் அவள் வலது கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“எப்படா இவ கைய அளவெடுத்த?” என்று கேட்டேன்.

“அளவெல்லாம் எடுக்கலயே மச்சான்” என்றான்.

மதுவந்தி அவசரமாகக் கைப்பிடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.