தூளிக்கு மேலே

குழந்தையைத் தூளியில் போடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள் சரிதா.

கூடம் நிறைய ஆட்கள். கிருஷ்ணகிரி பழையபேட்டையின் பழைய வீடுகளைக் கொண்டாடும் நாள் அது. காலையிலிருந்து ஒரு கூட்டம் வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியாக இங்கே வந்திருந்தது. கருங்கல் பலகை போட்ட கூரை, உத்தரத்தில் இரும்பு வளையம், அதில் தொங்கும் தூளி. அதற்குள் ஒரு குழந்தையும் இருந்துவிட்டால் விழா மலருக்கு அட்டைப்படம் தயார்.

"ஒரே நிமிஷம்க்கா," என்றான் படம் எடுக்க வந்த நவீன்குமார்.

சரிதா மகனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. கண்ணு பட்டுவிடுமாம் மகாராணிக்கு என்றார் ஒருவர். வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்றார் இன்னொருவர். அவள் புருஷன் மாதேஷுக்கு மானம் போனது.

"ஏன் இப்டி பண்ற, இத்தன பேர் முன்னாடி?" என்று பல்லைக் கடித்தான்.

"மேல பாரு."

அவன் பார்க்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தூளிக்கு நேர் மேலே கல்லில் ஒரு விரிசல். கல்கூரை வீட்டுக்காரர்கள் விரிசலுக்குக் குறுக்கே ஈரச் சுண்ணாம்பைத் தடவி வைப்பார்கள். அது பிளந்துபோனால் விரிசல் ஓடுகிறது என்று அர்த்தம். சரிதா தடவிய சுண்ணாம்பு இன்று காலை மறுபடியும் பிளந்திருந்தது.

அந்தக் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போடத்தான் இருந்தார்கள். விழாக் குழுத் தலைவர் நாராயணப்பன் ஓடி வந்து, பேட்டையின் பொக்கிஷத்தை இடிக்கலாமா என்று உருகி உருகிப் பேசித் தடுத்துவிட்டார். ஓசூரில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாலும் பேட்டை மேல் உயிரையே வைத்திருப்பவர். சரி என்று கல்லுக்கு அடியில் ஒரு இரும்பு ஜாக்கியை முட்டுக் கொடுத்தார்கள். படத்தில் அது அசிங்கமாகத் தெரியும் என்று நேற்று அவர் சொல்ல, பெருமையில் மிதந்த மாதேஷ் தன் கையாலேயே அதைக் கழற்றிப் பின்பக்கம் போட்டான். அதிலிருந்து சரிதா குழந்தையைத் தூளியில் போடவே இல்லை.

வாசலில் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கூடம் அதிர்ந்தது. கூரையிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து காலித் தூளியில் விழுந்தது. அவள் மட்டும்தான் அதைப் பார்த்தாள்.

"கல்லு விரிசல் விடுதுங்க சார். எல்லாரும் வெளிய போயிடுங்க. எனக்குப் பயமா இருக்குது," என்றாள். பாதிப் பேச்சு பம்பைச் சத்தத்தில் போய்விட்டது.

நாராயணப்பன் வாசற்படியை ஒட்டி நாற்காலி போட்டு, கைக்குழந்தைப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டது.

"நூறு வருஷமா நிக்கிற கல்லும்மா. இன்னிக்கா விழப்போவுது? இதுக்குக் கீழ வாழக் குடுத்து வெச்சிருக்கணும்."

கூட்டம் கைதட்டியது. மாதேஷ் குழந்தையை வாங்கக் கையை நீட்டினான். சரிதா சுவரோடு ஒட்டிக்கொண்டு கொடுக்க மறுத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.

நவீன்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. அழுகிற குழந்தையை வைத்து என்ன அட்டைப்படம் எடுப்பது? சுற்றிலும் பார்த்தவன் கண்ணில் நாராயணப்பனின் மடி பட்டது.

"அவங்கள விடுங்க சார். இந்தப் பாப்பா சிரிச்சிக்கினே இருக்குது. உங்க பேத்தியவே தூளில போட்டு எடுத்துடலாம்," என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

நாற்காலி சாய்ந்து விழ, நாராயணப்பன் பாய்ந்து வந்தார். பேத்தியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அந்தக் கல்லுக்குக் கீழயா?"

மாதேஷ் அப்போதுதான் மேலே பார்த்தான்.