பெயரில்லாத பொத்தான்

“இந்தப் பக்கத்தையும் முடிச்சுட்டீங்கன்னா சாப்பிட்டுடலாம்.”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியிடம் அவன் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். பையும் கையுமாக வாசலில் வந்து நின்ற அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண் போன மனுஷனை உட்கார வைத்து வேலை வாங்குகிறாளே, இவளுக்கு ஈவு இரக்கம் என்று ஏதாவது இருக்கிறதா?

தம்பி ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தான். ஊரான் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே பேர் வாங்கியவன். நரம்பில் வந்த கோளாறு அவன் பார்வையைக் கொண்டுபோனது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யார் கூப்பிட்டும் வெளியே வராமல் கிடந்தான். அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவது என்று முடிவு பண்ணி, ஒரு அறையையும் ஒழித்துவைத்துவிட்டுத்தான் அக்கா கிளம்பி வந்திருந்தாள்.

வந்து பார்த்தால் இந்தக் கூத்து.

திரையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரே ஒரு குரலில் கடகடவென்று வாசித்தது. ஒரு மருந்துக் கடையின் வெப்சைட்டாம். தம்பி மனைவி வேலை பார்க்கிற கம்பெனி அதைச் செய்துகொடுக்கிறதாம். பார்வை இல்லாதவர்களால் அதில் மருந்து வாங்க முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது தம்பியின் வேலையாம்.

“பொத்தான்” என்றது குரல். “பொத்தான். பொத்தான்.”

“என்ன பொத்தான்னு சொல்லித் தொலையேன்” என்றான் தம்பி. “இதை எழுதிக்கோம்மா. பொத்தானுக்குப் பேரே வைக்கல. எதை அமுக்கினா வாங்கலாம், எதை அமுக்கினா வேண்டாம்னு எங்களை மாதிரி ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டில் படத்துக்கு ‘படம்’னு மட்டும் போட்டிருக்கான். இருமல் மருந்தா எலி மருந்தான்னு குடிச்சுப் பார்த்தா தெரிஞ்சுக்கிறது? எந்த மடையன் செஞ்சது இது?”

அவள் எழுதிக்கொண்டாள்.

சாப்பாடு ஆனதும் அக்கா சமையலறைக்குப் போனாள். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். சம்பாதிக்க வேறு வழியா இல்லை, ஊர் என்ன பேசும், நம்பித்தானே உன் கையில் ஒப்படைத்தோம் என்று கேட்காத கேள்வி இல்லை.

“அவனை நான் கூட்டிட்டுப் போறேன். அங்கே அவனை யாரும் வேலை வாங்க மாட்டாங்க.”

தம்பி மனைவி குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

“கூட்டிட்டுப் போங்க அண்ணி. ஆனா அங்கேயும் தினம் காலையில யாராவது தப்பு பண்ணி வைக்கணும்.”

“தப்பா? என்ன தப்பு?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். முதலில் அது நிஜமான வேலைதான். கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். வேண்டாவெறுப்பாக வந்தவர், பிழை என்றதும் பழைய ஆளாகிவிட்டார். அவர் சொன்னதையெல்லாம் கம்பெனியில் திருத்தி, வெப்சைட்டைக் கடைக்காரரிடம் கொடுத்தும் ஆகிவிட்டது. வேலை முடிந்தது என்று அவரிடம் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டாள். அவர் எழுந்திருக்கும் முன்னால் அதில் இரண்டு மூன்று பொத்தான்களின் பேரை அழிப்பாள், ஒரு படத்தின் விவரத்தை எடுத்துவிடுவாள். கம்பெனியில் அவருக்கென்றே வேலை கேட்டிருக்கிறாள். இன்னும் ஒரு பதிலும் இல்லை.

“மடையன்னு அவர் திட்டுறது என்னைத்தான் அண்ணி. திட்டட்டும். கதவைத் திறந்துக்கிட்டு வெளியே வர்றாரே, அது போதும் எனக்கு.”

இவளையா அத்தனை பேச்சுப் பேசினோம் என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தம்பி மனைவியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம், கொண்டுவந்த பையோடு தனியாகவே கிளம்பினாள். தம்பி சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை வந்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

“உங்கிட்ட சொல்லிட்டாளாக்கா?”

“எதைடா?”

“அந்தத் தப்பெல்லாம் அவளே வைக்கிறதுன்னு.”

அக்கா திடுக்கிட்டுப்போனாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“எத்தனை பேரோட பிழையைத் திருத்தியிருப்பேன்? கையெழுத்து மாதிரி, தப்பும் ஆளுக்கு ஆள் வேறக்கா. அவசரத்துல வர்ற தப்பு ஒரு மாதிரி இருக்கும், தெரியாம வர்றது ஒரு மாதிரி இருக்கும். இது ரெண்டும் இல்ல. என் கைக்கு எட்டுற இடமா பார்த்து வைக்கிற தப்பு. என்மேல இவ்வளவு அக்கறையா தப்பு பண்ண வேற யார் இருக்கா?”

“தெரிஞ்சுமா தினம் உட்கார்ந்து பார்க்கிற?”

“நான் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தப்ப அவ சோறு தண்ணி இல்லாம, தூக்கமும் இல்லாம வெளியே உட்கார்ந்திருந்தா. இப்பதான் கொஞ்சம் தேறியிருக்கா. நீயும் காட்டிக்கொடுத்துடாதே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா தலையாட்டினாள். அது அவனுக்குத் தெரியாது என்று உறைத்ததும், “சரிடா” என்றாள்.

“அதான் தினமும் ஒரு தப்பை மட்டும் கவனிக்காத மாதிரி விட்டுடறேன். எல்லாத்தையும் பிடிச்சுட்டா, நாளைக்கு என்ன சொல்லி என்னை எழுப்புறதுன்னு பாவம், அவ பயந்துடுவா.”