பதினொரு கறிவேப்பிலை

இமயமலைக் காப்புப் பகுதியிலிருந்து வெளியேறும்போது, போவதையும் வருவதையும் தானே எண்ணிப் பேசும் சோதனை வாசல், என்னையும் வழிகாட்டி பேமாவையும் மறித்தது. “உள்ளே போன கறிவேப்பிலை பதினொன்று. ஒன்றுகூடத் திரும்பவில்லை.”

மலையில் ஓர் இலை தங்கினாலும் வழிகாட்டியின் உரிமம் பறிபோகும்.

மத்தியானம் புளிச்சோற்றிலிருந்து, வீட்டுப் பழக்கத்தில், பொறுக்கி எறிந்தவள் நான். தண்டனை மட்டும் பேமாவுக்கா?

“எறிஞ்சது நான். என் பேரை எழுது!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

திருப்பூரில் ஆறு வருஷம் தைத்துவிட்டு மலைக்குத் திரும்பியவள் பேமா. நிதானமாக முன்னால் போய் நின்றாள். அவள் வயிற்றைத் துழாவிய வாசல், “பதினொன்றும் வந்துவிட்டன” என்று திறந்தது.

எனக்கு மூச்சு வந்தது. “ஏன்டி, நீயே பொறுக்கித் தின்னுட்டியா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொல்லத்தானுங்க்கா வந்தேன். எனக்காக இதுவரைக்கும் யாரும் கத்துனதில்லீங்க. கொஞ்சம் கேட்டுட்டு நின்னேன்.”