செவலையின் வாசனை

கொல்லைக் குழாயடியில் செவலை நாயைக் குளிப்பாட்ட சபாபதி ஏற்பாடெல்லாம் பக்குவமாகத்தான் செய்திருந்தார். வழுக்காமலிருக்கக் காலடியில் கோணி, வெதுவெதுப்பான தண்ணீர், காதுகளில் பஞ்சு. செவலை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. துவட்டிவிட்ட மறுநிமிஷமே ஓடிப்போய்க் குப்பைமேட்டில் புரண்டது.

"நன்றி கெட்டவனே, அத்தனை தண்ணியும் வீணாப் போச்சே" என்று பொருமியது வாளி.

"அழுக்கை எடுத்தது சரி. என் வாசனையை எடுக்க யாரைக் கேட்டீங்க? அது இல்லாம தெருவுல எவன் என்னைச் செவலைன்னு நம்புவான்?"

"அதுக்காக, குளிச்ச உடம்புல கண்டதையும் பூசிக்குவியா?"

சற்று நேரத்தில் தானும் குளித்துவிட்டு வந்த சபாபதி, கொல்லைக் கதவோரம் நின்று கழுத்தெல்லாம் பவுடரைக் கொட்டிக்கொண்டு, அக்குளில் சென்ட்டைப் பீய்ச்சினார்.

செவலை ஒரு தும்மல் போட்டது.

"இதை அவர்கிட்டயும் கேளு" என்று சொல்லிவிட்டு, மறுபக்கமும் புரண்டது.