கண்டக்டர் சீட்டில் யார்?

லோபமுத்ரா அதே வரியை மறுபடி தட்டினாள். சர்வரின் பெயர், தன் பெயர், கடவுச்சொல். எண்டர்.

கறுப்புத் திரையில் அதே பதில். இணைப்புகள் நிரம்பிவிட்டன.

"நிரம்பித் தொலை," என்றாள் திரையைப் பார்த்து.

ஒடிசாவின் கட்டக்கில், மகாநதி திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாள் அது. சமையல்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கல்யாணத்துக்காகப் பள்ளியை விட்ட பெண்கள் என்று படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள் எழுதும் பரீட்சை. சொன்ன நேரம் தாண்டி வெகுநேரமாகியும் இணையதளத்தில் வெள்ளைப் பக்கம்தான். பொறுக்க முடியாதவர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே தஹிபரா என்னும் தயிர்வடை விற்கும் வண்டிக்காரனுக்கு மட்டும் நல்ல வியாபாரம்.

மதிப்பெண்கள் இருக்கும் சர்வர் அவள் பொறுப்பு. உள்ளே போனால்தான் எதையும் சரிசெய்ய முடியும். போகத்தான் முடியவில்லை.

"தீதி, ஒரு அம்மா போன்ல அழுவுறாங்க," என்றான் குமாஸ்தா நிகம். "பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொன்னா போதுமாம்."

"நானும் இங்க அழுதுட்டுதான் இருக்கேன்னு சொல்லு."

கதவு படாரென்று திறந்தது. தலைவர் பைதர் பாபு. கேந்திரபாடா பாதையில் நாலு பஸ்ஸுக்குச் சொந்தக்காரர்; பள்ளிக்குக் கட்டடம் கொடுத்தவர். காலையிலிருந்தே எதைக் கண்டாலும் சீறிக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனதற்கு ஒரு சீறல், ஃபேன் சத்தம் போட்டதற்கு ஒன்று.

"ஏம்மா, வெளிய ஜனம் கேட்டை உடைக்குது. நீ என்ன தட்டினதையே தட்டிட்டிருக்க?"

"பஸ் ஃபுல் பாபு. தொங்கக்கூட இடமில்ல."

"நீதானே பொறுப்பாளர்? உனக்குமா இடமில்ல?"

"கண்டக்டர் சீட்டுன்னு ஒண்ணு இருக்குமே, அந்த மாதிரி எனக்குன்னு ஒரு இடம் எப்பவும் காலியா இருக்கும். அதுலயும் யாரோ உக்காந்திருக்காங்க."

"எந்திரிக்கச் சொல்லு!"

"யாருன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல?"

"அப்ப அணைச்சுப் போடு."

"ஜகத்சிங்பூர் சென்டர் மார்க்கெல்லாம் இன்னும் ஏறிட்டிருக்கு. பாதியில அணைச்சா அத்தனையும் குழம்பிடும். யார் அழறது அப்புறம்?"

அவர் கையை உதறிவிட்டு, கூட்டத்தைச் சமாதானப்படுத்த கேட்டுக்குப் போனார்.

லோபா வேறொரு வழியாக, சர்வர் ஓடும் கணினிக்குள் போனாள். அங்கிருந்து சர்வருக்குள் கை வைக்க முடியாது. எங்கெங்கிருந்து இணைப்பு வந்திருக்கிறது என்று பார்க்கலாம். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு முகவரியாக இறங்கினாள். எல்லாம் இணையதளத்தின் வழியாக வந்தவை. ஒன்று மட்டும் இதே கட்டடத்திலிருந்து.

தலைவரின் அறை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு முன் இந்த வேலையில் இருந்தவர், தலைவர் கேட்டார் என்பதற்காக அவர் கணினியில் ஒரு படத்தை வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தொட்டால் பொறுப்பாளரின் கடவுச்சொல்லோடு கறுப்பு ஜன்னல் திறக்கும். தேர்வெண்ணைத் தட்டினால் மதிப்பெண் தெரியும். எடுத்துவிடுகிறேன் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

'எந்த மச்சானுக்கு மார்க் பார்த்தாரோ. பார்த்தவர் மூடியாவது தொலைத்திருக்கலாம். சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் இன்றைக்கு.' விறுவிறுவென்று நடந்தாள்.

அறையில் யாருமில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் வெற்றிலைப் பெட்டி திறந்தபடி கிடந்தது. கறுப்பு ஜன்னலும் திறந்தபடி இருந்தது.

தேர்வெண்ணைப் பார்த்தாள். அதன் கீழே இருந்த பெயரைப் படித்தாள். பிறந்த வருடத்தைப் படித்தாள். அடுத்து ஒரு வரி: கணக்கு, ஃபெயில். அதற்கு மேல் படிக்கவில்லை.

வெளியேறும் கட்டளையைத் தட்டி ஜன்னலை மூடினாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்தாள்.

தன் இடத்துக்கு வந்து தட்டியதும் முதல் தடவையிலேயே உள்ளே விட்டது. சும்மா தூங்கிக்கொண்டிருந்த இணைப்புகளைத் துரத்தினாள். வரம்பைக் கூட்டினாள். சிறிது நேரத்தில் கேட்டுப் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் அதற்குள் தனியாகக் கேட்டது.

"திறந்துடுச்சு தீதி!" நிகம் போனோடு துள்ளினான்.

பின்னாலேயே பைதர் பாபு வந்தார். "எவன்மா உக்காந்திருந்தது? பேரைச் சொல்லு. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்."

நிகம் ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆளு யாருமில்ல பாபு. பழைய இணைப்பு ஒண்ணு அறுந்து கெடந்துச்சு. எடுத்துட்டேன்."

"இதுக்கா இவ்வளவு நேரம்?" முணுமுணுத்துக்கொண்டே தன் அறைக்குப் போனார்.



கூட்டம் கலைந்து, நிகம் டீ குடிக்கப் போன பிறகு அவர் திரும்ப வந்தார். கதவு இப்போது படாரென்று திறக்கவில்லை. அவள் மேசைக்கு எதிரே நின்று, சர்வரையே விசாரிக்க வந்தவர் போலத் திரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா... மறுபடி எழுதறவங்களுக்குப் பரீட்சை எப்போ?"

"செப்டம்பர்ல, பாபு." அவள் தலை நிமிரவில்லை. "உங்களுக்குக் கணக்கு மட்டும்தானே?"

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். யாருமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்கிலீஷும்," என்றார்.